கூரையில் ஒரு வழி

நல்ல வெயில் நேரத்தில் வீட்டின் கதவு, யன்னல் எல்லாவற்றையும் இறுகச் சாத்திவிட்டு, உள்ளே இருட்டில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பவனைக் கண்டால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? எங்கள் ஊரில் ஒருவரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். மாரி முடிந்து தை பிறந்துவிட்டது, ஆள் ஓடு பார்க்கிறான் என்று போய்விடுவார்கள்.

ஓடு வெடித்த இடமும் விலகிய இடமும் அந்த இருட்டில் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். ஒருவர் உள்ளே நின்று தடியால் தட்டிக் காட்ட, மற்றவர் மேலே நின்று அந்த ஓட்டை மாற்றுவார். இதில் தடி பிடிக்கிற உத்தியோகம் என்னுடையது. என் முழங்கால்களைப் பற்றி இந்தத் தொடரில் போதுமான அளவு புலம்பிவிட்டேன். ஏணியின் பக்கம் போகவேண்டாம் என்பது மனைவியின் கட்டளையும்கூட.

இந்த வருடம் பொங்கல் கழிந்த கையோடு, அளவெட்டியில் என் அக்கா வீட்டுப் பின்னறையில் அப்படித்தான் நின்றேன். மேலே தவம். எங்கள் பகுதியில் ஓட்டு வேலை, மரவேலை எல்லாம் செய்பவர். கைவேலையைவிட வாய்வேலை கொஞ்சம் கூட.

அறைக்குள் ஈர மண் மணத்தது. சுவரில் பச்சைப் பாசி ஆள் உயரத்துக்கு இறங்கியிருந்தது. மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். ஆனால் மூலையில் ஓரிடத்தில் தெரிந்தது புள்ளி அல்ல. நாலு பக்கமும் வெளிச்சக் கோடு விழுந்து, மூடி பொருந்தாத பெட்டியின் வாய்போல ஒரு சதுரம்.

"அண்ணை, வில்லங்கம் உந்த மூலையிலைதான்," என்று மேலிருந்து தவம் கத்தினார். "கைமரம் உக்கிப்போச்சு. ஆணி அடிச்சா பிண்ணாக்குக்குள்ளை போற மாதிரிப் போகுது."

"உதிலை கை வையாதை எண்டு சொல்லு," என்று எனக்குப் பின்னால் இருட்டுக்குள் இருந்து அக்காவின் குரல் வந்தது. "மற்ற இடமெல்லாம் பாக்கட்டும். உது உப்பிடியே இருக்கட்டும்."

ஒவ்வொரு தையிலும் நான் கேட்கிற வசனம் அது. திரும்பிப் பார்த்தேன். இடது தோளை வலது கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

"தோளிலை என்ன?"

"வாய்வு," என்றாள்.

கூரை சொல்லும் கதை

எங்கள் பக்கத்தில் ஒருவர் பட்ட பாட்டை அறிய அவரோடு கதைக்கவே தேவையில்லை. கூரையைப் பார்த்தால் போதும். பாதி கறுத்த ஓடும் பாதி சிவந்த ஓடுமாக இருந்தால் அது ஷெல் விழுந்த வீடு. சுவர் பழையது, கூரை மட்டும் தகரம் என்றால், வீட்டுக்காரர் இடம்பெயர்ந்து போயிருந்த நேரத்தில் யாரோ ஓட்டையும் மரத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கூரையே இல்லாமல் சுவருக்குள் அரசமரம் நின்றால், வீட்டுக்காரர் திரும்பி வரவே இல்லை.

நாங்கள் தென்மராட்சிக்கு ஓடிப்போய்த் திரும்பியபோது நல்லூரில் எங்கள் கூரை முழுசாக நின்றது. உள்ளே கதிரை இல்லை, அலுமாரி இல்லை, கதவுகூட இல்லை. என் மனைவி வாசலில் நின்று மேலே பார்த்தாள். "கூரையை விட்டிட்டுப் போயிருக்கிறாங்கள். நல்ல மனிசர்," என்றாள். அவ்வளவு அழுகைக்குள்ளும் நாங்கள் சிரித்தோம்.

இப்போது ஷெல்லும் இல்லை, ஓடு கழற்றுகிறவர்களும் இல்லை. கொடிகாமத்தில் இருக்கும் என் நண்பர் ஒருவருக்குக் குரங்குதான் எதிரி. கூட்டமாக வந்து ஓட்டைப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் போகும். மனிதர் கவண் வைத்துக்கொண்டு முற்றத்தில் காவல் இருக்கிறார். அடித்த கல்லில் உடைந்ததெல்லாம் அவருடைய ஓடுதான். கூரை ஏறிக் கோழி பிடிக்கமாட்டாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம் என்று நான் பகிடி பண்ண, "நீர் ஒருக்கா வந்து ஏறிக் காட்டும்," என்று அவர் என் முழங்காலைப் பார்த்தார்.

எங்கேயோ போய்விட்டேன். அக்காவின் கூரையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை இப்படித்தான் வேறு வீடுகளுக்குப் போகிறது. இனிப் போகாது.

ரூபன் வெட்டின சிலாகை

அக்காவின் மகன் ரூபன். உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். நல்லூரில் கணக்கு ரியூசன் முடிந்தால் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் அளவெட்டிக்குச் சைக்கிள் மிதிப்பான். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. "உவனுக்கு வெயிலிலையும் நிழல் விழாது," என்பாள் என் மனைவி.

ஆமியின் சுற்றிவளைப்புகள் ஓயாமல் நடந்த காலம் அது. விடிய முன்னமே ஊர் நாய்கள் குரைக்கத் தொடங்கினால் இளம்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அவர்களைத் தட்டி எழுப்பிவிடுவார்கள். ரூபன் எந்த இயக்கத்திலும் இல்லை. அதை யாரிடம் சொல்லி நம்பவைப்பது?

ஒரு நாள் அவன் தகப்பனுடைய மரம் அரிகிற வாளை எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போனான். அந்த அறையில் பழைய பெட்டகம் ஒன்று இருந்தது. அதன்மேல் ஏறினால் கூரை எட்டும். முகட்டிலிருந்து சுவருக்குச் சரிந்து இறங்குவது கைமரம். கைமரங்களின் குறுக்கே அடித்திருக்கும் மெல்லிய பனஞ்சட்டம்தான் சிலாகை. அதில்தான் ஓடு கொளுவி நிற்கும். ஓட்டை மட்டும் தூக்கினால் ஆள் போக இடம் போதாது, சிலாகை மறிக்கும். ரூபன் ஒரு சிலாகையை இரண்டு கைமரத்துக்கு நடுவே வெட்டினான். வெட்டிய துண்டை ஆணி அடிக்காமல், தள்ளினால் கழலக்கூடியதாகத் திரும்ப வைத்தான். அதன்மேல் ஓட்டை அடுக்கினான்.

"வீட்டுக்கு ஓட்டை போடுறியோடா?" என்று அத்தான் கத்தினார்.

"ஓட்டை இல்லையப்பா, வழி," என்றானாம்.

அந்த வழி வேலை செய்தது. நாய்கள் குரைத்தால் பெட்டகத்தில் ஏறி, ஓட்டைத் தூக்கி, கூரையில் சாய்ந்து நின்ற மாமரக் கொப்பைப் பிடித்துப் பின்வளவுக்குள் குதித்து, பனங்கூடலுக்குள் போய்விடுவான். எல்லாம் அடங்கிய பிறகு அதே வழியால்தான் திரும்புவான். வாசல் படலையடியில் யாரும் நிற்கலாம் என்ற பயம். குசினியில் நிற்கும் அக்காவுக்கு ஓடு உரசுகிற சத்தம் கேட்கும். உடனே கேத்திலை அடுப்பில் ஏற்றுவாள். தலையெல்லாம் ஒட்டறையோடு அவன் வந்து, "அம்மா, தேத்தண்ணி," என்பான்.

பிறகொரு நாள் போனான். அன்றைக்கு ஓடு உரசவில்லை.

சந்தியில் கண்டதாக ஒருவர் சொன்னார். பனங்கூடலுக்குள் சத்தம் கேட்டதாக இன்னொருவர் சொன்னார். அக்காவும் அத்தானும் முகாம் முகாமாக அலைந்தார்கள். கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு நானும் அவர்களோடு போய் வெயிலில் நின்றேன். அப்படி ஒரு பெடியன் இங்கே இல்லை என்பதுதான் எல்லா வாசலிலும் பதில்.

போன அவசரத்தில் ஓட்டை மூடாமல் போயிருந்தான். அன்று மழை. அறைக்குள் ஊற்றியது. அக்கா வாளியை வைத்தாளே தவிர ஓட்டை மூடவில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோதான் தானே பெட்டகத்தில் ஏறி மூடினாள். அவன் மூடுகிற மாதிரியே, தள்ளினால் திறக்கக்கூடியதாக.

மழை விட்டும் விடாத தூவானம்

ஆணி இல்லாத சிலாகை பாரம் தாங்காது. ஓடு மெல்லத் தாழும். தாழ்ந்த இடத்தால் ஒவ்வொரு மாரியும் உள்ளே வரும். இதற்கு ஒரு புதுச் சிலாகையும் ஒரு பிடி ஆணியும் போதும். அரை நாள் வேலை. அந்த அரை நாளை அக்கா எங்களுக்குத் தரவேயில்லை.

"அவன் வந்தா எதாலை வருவான்?" என்று ஆரம்ப காலத்தில் ஒருமுறை கேட்டாள். அதற்குப் பிறகு அதையும் கேட்பதில்லை. "உதிலை கை வையாதை," அவ்வளவுதான்.

கொப்பும் அப்படித்தான். மாரிக்கு முன்னம் கூரையில் சாய்கிற கொப்பை வெட்டுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அக்கா வீட்டில் அந்தக் கறுத்தக்கொழும்பான் மாமரக் கொப்பு கூரையை அணைத்துக்கொண்டு பருத்தது. இலை விழுந்து ஓட்டின் பள்ளத்தில் மக்கி, தண்ணீரைப் பிடித்து வைத்தது.

அத்தான் அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். மகள் மதி கனடாவுக்குப் போனாள். வா அம்மா, வா அம்மா என்று அங்கிருந்து தொலைபேசியில் அழுகிறாள். அக்கா அசையவில்லை. ரூபனுக்கு மரணச் சான்றிதழ் எடுத்தால் ஏதோ உதவி கிடைக்கும் என்று ஒருவர் வந்து சொன்னார். "இஞ்சை செத்தது அவர் ஒருத்தர்தான்," என்று அத்தானின் படத்தைக் காட்டிப் படலையைச் சாத்திவிட்டாள். அத்தானின் படத்துக்கு மாலை உண்டு. பக்கத்தில் ரூபனின் படத்துக்கு இல்லை.

நானும் விட்டுவிட்டேன். வாளி வைத்தால் போகிறது என்று இருந்தேன். ஆனால் மரம் யாருக்காகவும் காத்திருக்காது. கடந்த மாரியில் புயலோடு வந்த மழை கிழமைக்கணக்காக நின்று பெய்தது. சிலாகையால் வழிந்த தண்ணீர் கைமரத்தின் குடலைத் தின்றுவிட்டது.

வாய்வு இல்லை

தவம் இறங்கி வந்தார். அக்கா தேத்தண்ணி ஊற்றினாள். கேத்திலை வலது கையாலேயே தூக்கி, கீழே வைத்துவிட்டு, அதே கையால் கோப்பையை எடுத்தாள். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய்ச் சேலைத் தலைப்பை விலக்கிப் பார்த்தேன். பழந்துணிக் கட்டு. அதைச் சுற்றித் தோள் முழுக்கக் கன்றிக் கறுத்திருந்தது.

"இது வாய்வோ அக்கா?"

"மழையிலை ஓட்டுத்துண்டு விழுந்தது. தோளிலைதானே. தலையிலை இல்லை."

"எங்கை நிண்டனீங்கள்?"

"படுத்திருந்தனான்."

அப்போதுதான் பின்னறையை மனதுக்குள் திரும்பப் பார்த்தேன். பெட்டகத்தை எப்போதோ கறையான் தின்றுவிட்டது. அது இருந்த இடத்தில் இப்போது அக்காவின் கட்டில் கிடக்கிறது. அந்தச் சதுரத்துக்கு நேர் கீழே. ஏன் அங்கே போட்டாள் என்று கேட்கத் தேவையே இல்லை. அவன் கால் வைக்க ஏதாவது வேண்டுமே.

துக்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். அப்பா செத்த அன்றைக்கும் பந்தல்காரனோடு சண்டை பிடித்தவன் நான். இத்தனை வருடமாக அந்த வீட்டுக்குள் ஒருவரும் சொல்லாத அந்த ஒரு வசனம் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். சொல்லப்போகிறேன் என்று அவளுக்கும் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. வேறொன்றைச் சொன்னேன்.

"அக்கா, அவன் நாளைக்கே வாறான் எண்டு வைப்பம். வந்து உந்தக் கைமரத்திலை கால் வைச்சா?"

நான் தவத்தின் பக்கம் திரும்பினேன்.

"தவம், நீர் சொல்லும். ஒரு ஆளைத் தாங்குமோ?"

தவம் ஊர் மனிதர். அந்த வீட்டுக் கதை அவருக்கும் தெரியும். வழக்கமாக ஒன்றுக்குப் பத்துச் சொல்லுகிறவர், அன்று கோப்பையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார். "பூனை நடந்தாலே முறியும் அக்கா. ஆள் ஏறினா ஆளும் கூரையும் ஒண்டா விழும்."

அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விறகு ஒன்று சரிந்தது. அதைத் தள்ளிவிட்டாள்.

"அவனுக்கு இப்ப என்ன வயசிருக்கும் தம்பி?"

"நாப்பத்தஞ்சுக்கு மேலை."

"தேப்பன்ரை உடம்புவாகுதானே அவனுக்கு. அவர் அந்த வயசிலை எப்பிடி இருந்தவர்?"

"வண்டியும் தொந்தியுமா," என்றேன்.

அக்கா சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். பிறகு, "அப்ப உதாலை அவனுக்கு இறங்கேலாது, என்ன?" என்றாள்.

"ஏலாது அக்கா."

"சரி. மூடுங்கோ. கொப்பையும் வெட்டச் சொல்லு."

எனக்கு வந்த பெருமையை என்ன சொல்ல! எத்தனை வருடம் அசையாத ஆளை ஒரே கதையில் மடக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"நல்லாத்தான் கதைச்சிருக்கிறியள். மச்சாள் இவ்வளவு கெதியா ஓம் எண்டவவோ?"

பொறாமை என்று நினைத்தேன்.

மூடிய நாள்

தவம் சொன்னபடி வந்தார். அது அவருடைய வழக்கமே இல்லை. உக்கின கைமரத்தை இறக்கினார். கை பட்ட இடமெல்லாம் மாவாகக் கொட்டியது. வெட்டின சிலாகைத் துண்டும் அதோடு வந்தது. அதன் இரண்டு முனையிலும் வாள் ஓடிய தடம் அப்படியே இருந்தது. கோணலான வெட்டு. கணக்கில் கெட்டிக்காரனுக்கு மரவேலை வராது.

அக்கா அதை வாங்கி வைத்துக்கொள்வாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். வாங்கினாள். கைமரத் துண்டுகளோடு சேர்த்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டாள். அன்றைய சோறு அதில்தான் வெந்தது. நனைந்த மரம், எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம். எல்லோருக்கும் கண் எரிந்தது.

கொப்பு விழுந்தபோது கூரையில் இத்தனை காலம் படாத வெயில் பட்டது. புதுக் கைமரம், புதுச் சிலாகை, ஆணி, ஓடு. கதவு யன்னலைச் சாத்திவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு புள்ளி வெளிச்சம்கூட இல்லை. பின்னறை முழு இருட்டாக இருந்தது.

"இனிப் பத்து மாரிக்குப் பயமில்லை," என்று தவம் ஏணியைத் தோளில் எடுத்தார். அக்கா அவரை, "கொஞ்சம் நில்லும், இன்னொரு சின்ன வேலை கிடக்கு," என்று மறித்தாள். இருட்ட முன்னம் வீட்டுக்குப் போகவேண்டும் என்று நான் மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டேன்.

தாழ்ப்பாள்

மாசியில் ஒரு காலை. எங்கள் முருங்கை காய்த்துக் கொட்டியது. அக்காவுக்கு ஒரு கட்டு கொண்டுபோனேன். முன்கதவைத் தட்டக் கை வைத்தேன். தட்ட முன்னமே திறந்துகொண்டது.

முன்னறையில், கதவுக்கு எதிரே அக்காவின் கட்டில். பின்னறையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து போட்டிருந்தாள். குசினியில் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது.

"வந்தா கூப்பிட மாட்டியோ?" என்று அக்கா வந்தாள். தோள் ஆறியிருந்தது. இரண்டு கையாலும் முருங்கைக்காயை வாங்கினாள்.

கதவின் உட்பக்கத்தைப் பார்த்தேன். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. பூட்டும் இல்லை, பூட்டு இருந்த ஓட்டைக்குள்ளால் வெளிச்சம் வந்தது.

"உதெங்கை அக்கா?"

"தவத்தைக் கொண்டு அண்டைக்கே கழட்டிப்போட்டன்."

"ஏன்?"

அக்கா என்னை ஆச்சரியத்தோடு பார்த்தாள். "நீதானே சொன்னனீ, இனி அவனுக்குக் கூரையாலை வரேலாதெண்டு."

அந்தக் கட்டிலிலேயே இருந்துவிட்டேன். என் கெட்டித்தனமான கதை முழுவதும் அந்தத் துளைகளுக்குள் கிடந்தது.

"அக்கா, ஊரிலை கள்ளர் திரியிறாங்கள். போன கிழமையும் பக்கத்து ஊரிலை வாளோடை வந்திருக்கிறாங்கள். நீங்கள் தனி. கதவு திறந்து கிடக்கு. ஆரும் உள்ளுக்கை வந்தா என்ன செய்வியள்?"

அவள் முருங்கைக்காயை மேசையில் வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"எழும்பி, லைற்றைப் போட்டு, முகத்தைப் பாப்பன்," என்றாள்.